ஊட்டிக் குளிர்ல அகல் ஏன் அணையுது? குத்தம் திரி மேலயா, எண்ணெய் மேலயா?

பெட்போர்டு_மேடு | 14 டிசம்பர் 2024, காலை 7.10

நேத்து கார்த்திகைக்கு வாசல்ல 27 அகல் வெச்சோம். அரைமணி நேரத்துல பாதிக்கு மேல அணைஞ்சுபோச்சு. காத்து பெருசா இல்ல. எண்ணெய் இன்னும் அகல்ல இருக்கு, திரி நுனி மட்டும் கருகி நிக்குது. கடையில பாக்கெட்டா விக்கிற வெள்ளைத் திரி, தேங்காய் எண்ணெய். பஞ்சு மட்டம்னு சிலர் சொல்றாங்க, தாமரைத் தண்டுத் திரி வாங்குங்கன்னு சிலர். குன்னூர் குளிருக்கு எந்தப் பஞ்சு நல்லது?

கேத்தி_திரி | 14 டிசம்பர், பகல் 11.40

பஞ்சுக்கு அப்புறம் வரலாம். முதல் குத்தவாளி தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழ போனா அது கட்டி. குன்னூர்ல இப்ப ராத்திரி பத்து டிகிரியச் சுத்தி நிக்குது. ஏத்தும்போது எண்ணெயைச் சுடவெச்சு ஊத்தியிருப்பீங்க, அதனால முதல்ல நல்லா எரிஞ்சிருக்கும். அப்புறம் அகல் குளிர, ஓரத்திலிருந்து எண்ணெய் வெள்ளையா உறைஞ்சு உள்ள வரும். சுடரோட சூட்டுல திரி நுனியச் சுத்தி ஒரு பட்டாணி அளவுக் குழி மட்டும் உருகி நிக்கும். அந்தக் குழி தீர்ந்ததும் திரிக்கு ஏற எண்ணெய் இல்ல. நுனி கருகுது, சுடர் போயிடுது. எண்ணெய் மிச்சமிருக்க அணையிறதுக்குக் காரணம் இதுதான்.

விளக்குல எரியிறது திரி இல்லீங்க, எண்ணெயோட ஆவி. திரி வெறும் ஏணி. கீழிருந்து எண்ணெய் ஏறுற வேகமும் நுனியில ஆவியாகுற வேகமும் சமமா இருக்கிறவரை பஞ்சு பத்திரமா இருக்கும். ஏறுறது குறைஞ்சா பஞ்சே எரிய ஆரம்பிக்கும். கருகின நுனியைப் பாத்து பஞ்சைத் திட்டுறது, கிணறு வத்தினதுக்குக் கயித்தைத் திட்டுற மாதிரி.

இன்னிக்கே செய்ய வேண்டியது: நல்லெண்ணெய்க்கு மாறுங்க. வெளியில பூஜ்ஜியத்தைத் தொட்டாலும் அது ஓடும்.

கேத்தி_திரி | 14 டிசம்பர், இரவு 9.05

எண்ணெய் பத்தி விட்டுப்போனது.

இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய், நெய், மூணும் மலையில கட்டிதான். கடலை எண்ணெய் ஊட்டி விடியக்காலையில கலங்கிக் கொழகொழன்னு நிக்கும். பஞ்ச தீப எண்ணெய்ன்னு அஞ்சைக் கலந்து ஏத்துறவங்க கணக்குப் பாத்துக்கோங்க, அஞ்சுல மூணு இங்க மெழுகு. பாட்டில்ல "தீப எண்ணெய்"ன்னு வர்றதுல பாமாயில் கலந்திருந்தா அதுவும் அடியில வெள்ளையாப் படியும். வாங்கின பாட்டிலை ஒரு ராத்திரி வெளிய ஜன்னல் திண்ணையில வெச்சு, காலையில சாய்ச்சுப் பாருங்க. ஓடலைன்னா அது சமவெளிக்கான எண்ணெய்.

அப்ப விளக்கெண்ணெய்? உறையாது. ஆனா 20 டிகிரியிலயே நல்லெண்ணெயைப்போல பத்து மடங்குக்கு மேல தடிமன். 10 டிகிரிக்கு இறங்கினா அதுவே இன்னும் ரெண்டு மடங்குக்கு மேல தடிக்கும். திரியில ஏறுறதுக்குள்ள விடிஞ்சிடும். அசமந்தமான ஆளைப் பாத்து "வெளக்கெண்ணெய்"ன்னு சொல்றாங்களே, அது சும்மா வந்த திட்டு இல்ல.

நாலு பங்கு நல்லெண்ணெய்க்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய்ங்கிற கலவை சரிப்படும். தனி நல்லெண்ணெயவிட நிதானமா எரியும், புகையும் குறைவு. அதுக்கு மேல சேர்க்காதீங்க.

கேத்தி_திரி | 15 டிசம்பர், காலை 8.30

இனி பஞ்சு.

கடையில "திரி"ன்னு விக்கிறதுல பாதி, மில்லுக் கழிவு. கழிவுன்னா கெட்டதுன்னு இல்ல, நூற்பாலையில சீவித் தள்ளின குட்டை இழை. சுத்தப் பருத்தியா இருந்தா விளக்குக்குத் தாராளமாப் போதும். சிக்கல் பாலியஸ்டர் கலந்திருந்தா. ஒரு திரியை இடுக்கியில பிடிச்சு எண்ணெய் இல்லாம கொளுத்துங்க. பருத்தின்னா காகிதம் எரியிற வாசனை, ஊதினாப் பறக்குற சாம்பல். பாலியஸ்டர்னா சுருங்கி உருகும், கறுப்பா ஒரு மணி நிக்கும், நசுக்கினா நசுங்காது. அந்த மணிதான் விளக்குல திரி நுனியில மூடி போட்ட மாதிரி உக்காந்து எண்ணெயை அடைக்குது.

வெள்ளை வெளேர்னு இருக்கிறது தரத்துக்கு அடையாளம் இல்ல. ரூபாய் நோட்டு பாக்கிற ஊதா லைட்டுல பளிச்சுன்னு நீலமா மின்னினா அதுல சலவை வெளுப்பான் இருக்கு, இல்ல செயற்கை இழை இருக்கு.

மருந்துக் கடை சர்ஜிக்கல் பஞ்சு? எரியும். அது காஸ்டிக் சோடாவுல வேகவெச்சு, இழை மேல இயற்கையா இருக்கிற மெழுகை எடுத்து வெளுத்த பஞ்சு. தண்ணியில போட்டா பத்து செகண்டுக்குள்ள மூழ்கணும்ங்கிறது அதோட தர விதி. ஆனா மெழுகு எடுத்தது புண்ணுக்காக, தண்ணியையும் ரத்தத்தையும் உறிஞ்ச. எண்ணெய்க்கு அந்த மெழுகு தடையே இல்ல, உறவு. கொட்டை எடுத்த பச்சைப் பஞ்சு தண்ணியில மணிக்கணக்கா மிதக்கும், எண்ணெயில போட்ட உடனே குடிக்கும். அதனால விளக்குக்கு வெளுக்காத பஞ்சே மேல். விலையும் கம்மி. தலையணை தைக்கிற கடையில பருத்திப் பஞ்சுன்னு கேட்டு 100 கிராம் வாங்குங்க. இலவம் பஞ்சைத் தள்ளிவிடப் பாப்பாங்க, அது வேற கதை.

பெட்போர்டு_மேடு | 15 டிசம்பர், மாலை 6.20

நல்லெண்ணெய் போட்டதும் நிக்குது, நன்றிங்க. ஆனா சுடர் சின்னதா இருக்கு. திரியைத் தடிமனாக்கவா?

கேத்தி_திரி | 15 டிசம்பர், மாலை 6.50

ஆமா, ரெண்டு திரியைச் சேத்து முறுக்கிப் போடுங்க.

கேத்தி_திரி | 16 டிசம்பர், காலை 6.15

மார்கழி முதல் நாளே வாக்கு மாறுறேன். நேத்து மாலை அவசரத்துல சொன்னது பாதி தப்பு.

திரியைத் தடிமனாக்கினா நுனியில ஆவியாகுற பரப்பும் கூடும். எண்ணெய் ஓடுற எண்ணெயா இருந்தா சரி, சுடர் பெருசாகும். தடிச்சுப்போன எண்ணெய்ல நுனி கேக்குற அளவுக்கு ஏறாது, முன்னவிட வேகமாக் கருகும். குளிருக்கு மாத்த வேண்டியது முறுக்கு, தடிமன் இல்ல. இறுக்கி முறுக்கினா இழைக்கு நடுவுல இருக்கிற சந்து குறுகும். குறுகின சந்துல எண்ணெய் ரொம்ப உயரம் ஏறும், ஆனா மெதுவா ஏறும். அகல்ல ஏற வேண்டிய உயரம் ஒண்ணு, ஒன்றரை செ.மீ. தானே? உயரம் நமக்கு வேண்டாம், வேகம்தான் வேணும். அதனால தளர்வா முறுக்குங்க.

அளவு இப்படி: 1 கிராம் பஞ்சுல அஞ்சு திரி. பஞ்சை விரலால நீளவாக்குல இழுத்து, இழையெல்லாம் ஒரே திசையில படுக்குற மாதிரி 10 செ.மீ. நீளத்துக்கு விரிங்க. கொட்டைத் துண்டு, இலைத் தூசு இருந்தா பொறுக்கிடுங்க, அது நுனிக்கு வந்தா வெடிக்கும். உள்ளங்கையில வெச்சு ஒரே பக்கமா நாலு உருட்டு, அஞ்சு உருட்டு. முன்னும் பின்னும் உருட்டினா முறுக்கு ஏறி ஏறி அவுந்துடும். முடிச்சதும் ரெண்டு நுனியையும் பிடிச்சு லேசா இழுத்தா பிரியக் கூடாது, நடுவுல விரலால நசுக்கினா மெத்துன்னு அமுங்கணும். சப்பாத்தி மாவு பதம்னு வெச்சுக்கோங்க. நூல்கண்டு மாதிரி விறைச்சு நின்னா இறுக்கம் அதிகம்.

எரியிற நுனி மட்டும் ஒரு செ.மீ. அளவுக்கு இறுக்கமா இருக்கலாம், சுடர் கூரா நிக்கும். வால் தளர்வா எண்ணெயில கிடக்கட்டும். வாலை நீட்டிப் போடாம வட்டமாச் சுத்திப் போட்டா எண்ணெய் குறையும்போதும் அடியில தொட்டுக்கிட்டே இருக்கும்.

காந்தல்_கேன்டீன் | 16 டிசம்பர், காலை 10.00

உருட்டும்போது வழுக்குதுன்னு விபூதி தொட்டுக்குறோம். சிலர் பால் தொடுறாங்க. சரியாங்க அண்ணா?

கேத்தி_திரி | 16 டிசம்பர், பகல் 1.10

விபூதி பிடிமானத்துக்கு ஒரு சிட்டிகை போதும். அதிகமானா, அது எரியாத பொருள், எண்ணெய் வரவர நுனியில சேந்து கல்லாகும். பால் வேண்டாம். பாலோட புரதமும் சர்க்கரையும் கருகி இழையை ஒட்டவெச்சிடும். வெறும் எண்ணெய்க் கையே போதும், எப்படியும் ஊறத்தானே போகுது.

கேத்தி_திரி | 18 டிசம்பர், காலை 5.50

விடியக்கால விளக்கு படபடன்னு வெடிக்குதுன்னு தனியா ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. அது எண்ணெய் இல்ல, பஞ்சுல ஏறின ஈரம்.

காஞ்ச பஞ்சுன்னு நாம நினைக்கிறதுலயே சாதாரணக் காத்துல எடையில எட்டு சதவீதத்துக்கு மேல தண்ணி இருக்கும். மேகம் வீட்டுக்குள்ள நுழையிற ஊர்ல இன்னும் கூட. தண்ணி புகுந்த சந்துல எண்ணெய் நுழையாது. நுழைஞ்சாலும் நுனிக்கு வந்ததும் தண்ணி ஆவியாகித் தெறிக்கும். பூஜை அலமாரியில பிளாஸ்டிக் கவர்ல இருக்கிற திரியை எடுத்து மோந்து பாருங்க, கம்பளி நாத்தம் அடிச்சா அதுதான்.

வெயில் வந்தா ஒரு மணி நேரம் மொட்டை வெயில்ல காயவைங்க. வெயில் இல்லைன்னா கணப்புக்கு மேல ஒரு தட்டுல, இல்ல சூடான தோசைக்கல்லுல அடுப்பை அணைச்சப்புறம் அஞ்சு நிமிஷம். தொட்டா சுடணும், நிறம் மாறக் கூடாது. சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெயில முக்கிடுங்க. ஆறவிட்டா திரும்ப ஈரத்தைக் குடிக்கும். ஒரு வாரத்துக்கான திரியை மொத்தமாக் காயவெச்சு நல்லெண்ணெய் ஊத்தின எவர்சில்வர் டப்பாவுல மூழ்கடிச்சு வைக்கிறது இன்னும் சுளுவு. டப்பாவுல பச்சரிசி போட்டு வைக்கிற பழக்கமும் உதவும், ஆனா அரிசியையும் வாராவாரம் வறுத்துப் போட்டாத்தான். இல்லைன்னா அரிசியே ஈரம்.

கொடை_நாயுடுபுரம் | 18 டிசம்பர், இரவு 8.40

அகலை விடுங்க. இங்க கரண்ட் போனா மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். பத்துத் திரி ஸ்டவ், புதுத் திரி மாத்தினதுலேருந்து மஞ்சளா எரிஞ்சு பாத்திரம் கரி. கீழ வத்தலக்குண்டுல இதே ஸ்டவ் நீலமா எரிஞ்சுது. பஞ்சா, உயரமா?

கேத்தி_திரி | 19 டிசம்பர், காலை 9.20

ரெண்டும் இருக்கலாம், சார். ஆனா மண்ணெண்ணெய்க்கு நான் இதுவரை சொன்னது எல்லாம் தலைகீழ். அது குளிர்லயும் தண்ணி மாதிரி ஓடும், ஏறுறதுல குறையே வராது. கொடைக்கானல் 2,130 மீட்டர் பக்கம். அங்க காத்தழுத்தம் கடலோரத்தைவிட நாலுல ஒரு பங்கு கிட்ட கம்மி. ஏறுற எண்ணெய்க்கு ஏத்த காத்து கிடைக்கல, அதனால மஞ்சள், அதனால கரி. கீழ வெச்ச உயரத்துலயே திரியை இங்கயும் வெச்சா புகையத்தான் செய்யும். நீலம் வர்ற வரைக்கும் திரியை இறக்குங்க. சமையல் கொஞ்சம் மெதுவாகும், வேற வழியில்ல. ஓட்டை போட்ட தகரக் குழாய்ங்க இருக்கே, அதுல கரி அடைச்ச ஓட்டையை ஊசியால குத்தி விடுங்க. பாதி நேரம் வியாதி அங்கதான்.

திரி மாத்துறப்ப பாக்க வேண்டியது:

ஸ்டவ்வுக்கு அகல் திரி ஆகாது. நூலால நெருக்கமாப் பின்னின உருளைத் திரிதான் வேணும். குழாய்க்குள்ள கையால இழுத்தா லேசான பிடிப்போட வரணும். தொளதொளன்னு விழுந்தா அந்தச் சந்து வழியா தொட்டிக்குள்ள இருக்கிற ஆவிக்கு நெருப்பு வழி கண்டுபிடிக்கும். ஒரு திரி கம்மியா இருக்குன்னு ஒரு குழாயைக் காலியா விட்டு ஏத்தவே ஏத்தாதீங்க, அது தொட்டி பத்திக்கிறதுக்கு நேர் வழி. ரொம்ப இறுக்கம்னா ஏத்தி இறக்கும்போது ஒரு திரி மட்டும் சிக்கி நிக்கும், அந்த இடம் புகையும்.

அடி தொட்டியோட தரையைத் தொட்டு ஒரு ரெண்டு செ.மீ. மடங்கிக் கிடக்கணும். மேல் நுனி பத்தும் ஒரே மட்டம். ஒண்ணு ரெண்டு மி.மீ. தூக்கி நின்னாலும் அந்த நாக்கு மஞ்சள். கூரான கத்திரியால ஒரே வெட்டு. பிளேடால அறுத்தா பிசிறு நிக்கும், பிசிறு ஒவ்வொண்ணும் தனிச் சுடர்.

எண்ணெய் ஊத்தினதும் கொளுத்தக் கூடாது. புதுத் திரின்னா 20 நிமிஷம் ஊறட்டும். ஊறாத திரியைக் கொளுத்தினா முதல் நாளே நுனி கருகும், கருகின நுனி ஆயுசு முழுக்க மஞ்சளாத்தான் எரியும். உங்களுது இந்தக் கேஸா இருந்தா அரை செ.மீ. வெட்டி எறிஞ்சிட்டு மறுபடி மட்டம் பண்ணுங்க.

சடசடன்னு சத்தம் வந்தா தொட்டியில தண்ணி. தண்ணி மண்ணெண்ணெயைவிடக் கனம், அடியில நிக்கும், திரியோட அடியும் அங்கதான் இருக்கு. மொத்தத்தையும் கண்ணாடி பாட்டில்ல ஊத்தித் தெளியவெச்சு மேலாக எடுங்க. தண்ணி குடிச்ச திரியைக் காயவெச்சுத்தான் திரும்பப் போடணும்.

கேத்தி_திரி | 19 டிசம்பர், காலை 9.35

ஜன்னல் ஒண்ணு திறந்திருக்கணும். குளிருதுன்னு எல்லாத்தையும் சாத்திட்டு ஸ்டவ்வோ கரிக் கணப்போ வெச்சுட்டுத் தூங்குறது மலையில உயிரைக் குடிக்கிற பழக்கம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது.

பெட்போர்டு_மேடு | 21 டிசம்பர், பகல் 12.15

திரியில செப்புக் கம்பி வெச்சா தேங்காய் எண்ணெயும் எரியும்னு ஒருத்தர் சொல்றார். கதையா?

கேத்தி_திரி | 21 டிசம்பர், மாலை 4.00

கதை இல்ல. பன்றிக் கொழுப்பு எண்ணெய் எரிச்ச பழைய அமெரிக்க விளக்குகள்ல செப்பைச் சுடர் பக்கத்துலேருந்து எண்ணெய்க்குள்ள இறக்கி வெச்சிருப்பாங்க, உறைஞ்ச கொழுப்பை உருக்க. அதே சங்கதி. கரண்ட் வயரோட மேல்தோல் முழுக்க உரிச்ச செப்புக் கம்பி, குண்டூசியைவிடக் கொஞ்சம் தடிமன், 6 செ.மீ. திரியோட சேத்து முறுக்காதீங்க, பக்கத்துல படுக்கவைங்க. ஒரு முனை சுடரோட அடி விளிம்பைத் தொடணும், மறுமுனை எண்ணெயோட நடுவுல மூழ்கணும்.

பித்தளை விளக்கு மண் அகலைவிட மலைக்கு ஏத்ததுக்கும் இதே காரணம். உலோகம் மூக்குப் பக்கச் சூட்டைக் கிண்ணம் முழுக்கக் கொண்டுபோகும்.

கேத்தி_திரி | 23 டிசம்பர், காலை 7.45

கம்பி பத்தி ஒரு திருத்தம். ரொம்பத் தடிமனாப் போட்டா சுடரோட சூட்டை உறிஞ்சி சுடரையே சாகடிக்குது, திறந்த வெளியில வைக்கிற அகல்ல முக்கியமா. தடிமன் ஒரு மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். வாசல்ல, குளிர் காத்துல, கம்பி உருக்குறதைக் காத்து திரும்ப உறையவெச்சிடும். வீட்டுக்குள்ள பூஜை மாடத்துல சரி.

நெய் விளக்குதான் ஏத்தணும்னா கம்பி கிம்பி வேண்டாம். உருக்கின நெய்யில பூத்திரியை முக்கி உறையவெச்சு, மெழுகுவத்தி மாதிரி தனித்தனியா ஏத்துங்க. அங்க கிண்ணத்திலிருந்து ஏற வேண்டியதே இல்ல, நெய் முழுக்க திரிக்குள்ளயே இருக்கு.

காந்தல்_கேன்டீன் | 24 டிசம்பர், காலை 11.30

தாமரைத் தண்டு, வாழைத் தண்டு, எருக்கு. இதுக்கு யாருமே பதில் சொல்லலையே.

கேத்தி_திரி | 24 டிசம்பர், இரவு 9.50

சாமிக்குன்னு ஏத்துறது அவங்கவங்க விருப்பம். அதுல நான் தலையிடல. திரியா எப்படி வேலை செய்யும்னு மட்டும் சொல்றேன்.

வாழை நார் விறைப்பு. நாருக்குள்ள சந்து குறைவு, நாருக்கு நடுவுல சந்து ரொம்பப் பெருசு. தனியாப் போட்டா எண்ணெய் ஏறாம நாரே குச்சி மாதிரி எரிஞ்சு போகும். நாரை நல்லாக் காயவெச்சு, இழை இழையாக் கிழிச்சு, மூணு பங்கு பஞ்சுக்கு ஒரு பங்கு நார்னு நடுவுல வெச்சு முறுக்கினா திரி சாயாம நிக்கும். உண்மையில அது நல்ல உபயோகம், விறைப்புக்கு ஒரு எலும்பு.

தாமரை நூல் வேற ரகம், ரொம்ப மெல்லிசு, பட்டு மாதிரி. நிஜத் தாமரை நூல் எடுக்கணும்னா தண்டை ஒடிச்சு இழுத்து எச்சில் நூல் மாதிரி வர்றதைச் சேக்கணும், ஒரு திரிக்குக் கட்டுக்கணக்குல தண்டு வேணும். அதனால பத்து இருபது ரூபாய்க்குக் கட்டுக் கட்டாக் கிடைக்கிறது என்னன்னு கொளுத்திப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். பெரும்பாலும் தண்டைக் காயவெச்சு நறுக்கின துண்டு, இல்ல சாயம் போட்ட நூல்.

எருக்கும் இலவமும் அண்ணன் தம்பி. இழைக்கு உள்ள வெத்துக் குழாய், மேல மெழுகு. எண்ணெயைப் பருத்தியைவிட அதிகமாக் குடிக்கும், தண்ணியை ஒதுக்கும். மலை ஈரத்துக்கு அதுவே வசதி. குறை என்னன்னா இழை வழுவழுன்னு குட்டையா இருக்கு, முறுக்கு நிக்காது. எண்ணெய் படாத இடத்துல குபீர்னு பத்தும். பாதிக்குப் பாதி பருத்தி சேத்து, வெளியில பருத்தி வர்ற மாதிரி சுருட்டுங்க. எருக்கங்காயை உரிக்கும்போது பால் கண்ணுல படக் கூடாது, கை கழுவாம முகத்தைத் தொடாதீங்க.

ஈரம் பிரச்சினைன்னு 18ஆம் தேதி அவ்வளவு எழுதினப்ப இந்த இலவத்தை மறந்துட்டேன். தலையணைக் கடைக்காரர் தள்ளிவிடுறதை வாங்காதீங்கன்னு சொன்னதையும் பாதி வாபஸ் வாங்கிக்கிறேன்.

கொடை_நாயுடுபுரம் | 28 டிசம்பர், இரவு 7.30

ஸ்டவ் நீலம் வந்துடுச்சு. குழாய் ஓட்டைதான். ஒரு சந்தேகம், வெளிநாட்டுல இ-சிகரெட்டுக்கு ஜப்பான் பஞ்சுன்னு விக்கிறாங்களே, எரியாத சிலிக்கா நூல்னும் ஒண்ணு. அதைத் திரியாப் போட்டா?

கேத்தி_திரி | 29 டிசம்பர், காலை 10.10

இ-சிகரெட்டை நம்ம நாட்டுல 2019 சட்டம் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, இருப்பு எல்லாத்துக்கும் தடை போட்டாச்சு. பஞ்சுக் கணக்கு மட்டும் பேசலாம், ஏன்னா அது நம்ம அகலுக்கு அப்படியே கண்ணாடியில பாத்த மாதிரி எதிர்ப்புறம்.

அங்க ஏற வேண்டிய திரவம் புரோபிலீன் கிளைக்காலும் கிளிசரினும். ரெண்டும் தண்ணியோட கலக்குற ஜாதி, மெழுகோட ஒத்துப்போகாது. அதனாலதான் அவங்க மெழுகு நீக்கின பஞ்சைத் தேடுறாங்க, பச்சைப் பஞ்சுன்னா வேகவெச்சு அலசிக் காயவைக்கிறாங்க. நமக்குத் தேவையே இல்லாத வேலை. மத்தபடி விதி ஒண்ணுதான். அங்க சூடாகுற கம்பிச் சுருளுக்குள்ள பஞ்சு லேசான பிடிப்போட இழுபடணும். அடைச்சா திரவம் வராது, தொளதொளன்னு விட்டா சூடான இடம் காஞ்சு பஞ்சு கருகும். ஸ்டவ் குழாய்க்குச் சொன்னது ஞாபகம் வருதா? கிளிசரின் குளிர்ல விளக்கெண்ணெய் மாதிரி தடிக்கிறதும் அதே ரோதனை.

சிலிக்கா, கண்ணாடி இழைத் திரி: எரியாது, வெட்ட வேண்டியதில்ல. மண்ணெண்ணெய்க்கு, திரவப் பாரஃபினுக்கு அருமை. நல்லெண்ணெய் மாதிரி சமையல் எண்ணெய்ல அது தார் படிஞ்சு அடைக்கும். பருத்தியில அடைச்ச நுனி தானே எரிஞ்சு உதிரும், இது உதிராது. கேஸ் அடுப்புல செக்கச்செவேல்னு பழுக்கக் காய்ச்சினா தார் போகும், ஆனா நூல் நொறுங்கலாகும். வெறுங்கையால வெட்டினா இழை தோல்ல குத்தி அரிக்கும். பழைய ஸ்டவ்ல அஸ்பெஸ்டாஸ் கயிறு இருந்தா அதைத் திரியாக்குற யோசனையே வேண்டாம். உரிக்காம ஈரத்துணியில சுத்தித் தள்ளி வைங்க.

காந்தல்_கேன்டீன் | 5 ஜனவரி 2025, மாலை 5.45

வாசனைக்கு விளக்குல ஊத்துற எண்ணெய்ல நீலகிரித் தைலம் நாலு சொட்டு விடுவாங்களே.

கேத்தி_திரி | 5 ஜனவரி, இரவு 8.15

விடாதீங்க. தைலத்தோட ஆவி 50 டிகிரி பக்கத்துலயே பத்திக்கும். நல்லெண்ணெய்க்கு 250க்கு மேல போகணும். கலந்தா தைலம் முதல்ல ஆவியாகிக் குபீர்னு எரியும், அகல் முழுக்கச் சுடராகும். ஊர்ல தைலம் காய்ச்சுறதால விளக்குல ஊத்தணும்னு கட்டாயமில்ல. நெஞ்சுல தடவுங்க.

பஞ்சோட குணம் இந்த மலைக்கு முன்னமே தெரியும். அருவங்காட்டுல 1904லேருந்து ஓடுற கார்டைட் (துப்பாக்கி மருந்து) தொழிற்சாலையோட மூலப்பொருள்ல ஒண்ணு பஞ்சு. நைட்ரிக், சல்ஃபியூரிக் அமிலத்துல முக்கினா அதே பருத்தி வெடிபஞ்சாகும். அதோட நைட்ரோகிளிசரினும் வாசலைனும் சேந்தா கார்டைட். தலையணைப் பஞ்சு, விளக்குப் பஞ்சு, துப்பாக்கிப் பஞ்சு எல்லாம் ஒரே செடி. பெட்போர்டு அக்காவோட அகல் அணைஞ்சதே பரவாயில்லைன்னு தோணுதா?

கேத்தி_திரி | 11 ஜனவரி, காலை 9.00

எந்தத் திரி நல்லதுன்னு வாதாடுறதுக்குப் பதிலா அவங்கவங்க வீட்டுலயே அளந்து பாக்க ஒரு வழி. ஒரே நீளத்துக்கு நாலு வகைத் திரி, ஒரு குச்சியில கட்டித் தொங்கவிடுங்க. கீழ் நுனி ஒரு செ.மீ. எண்ணெயில முங்கட்டும். பக்கத்துல ஸ்கேல் நிக்கட்டும். எண்ணெயில துளி குங்குமம் கலந்தா நிறம் தெரியும்னு நினைக்காதீங்க, குங்குமம் கரையாம அடியில நிக்கும். ஏறின இடம் ஈரமா இருண்டு தெரியும், அது போதும். இதை ராத்திரி வெளித் திண்ணையில வெச்சுச் செய்யணும். சமையலறைச் சூட்டுல செஞ்சா எல்லாத் திரியும் பாஸ்.

ஒரு நிமிஷத்துல எவ்வளவு ஏறுதுன்னு மட்டும் குறிங்க. ஏறுறது போகப் போக மந்தமாகும். முதல் நிமிஷம் 2 செ.மீ. ஏறினா 4 செ.மீ.க்கு நாலு நிமிஷம், 6 செ.மீ.க்கு ஒன்பது நிமிஷம் ஆகும். இதுலேருந்து தெரியிற விஷயம்: திரி நுனி எண்ணெய் மட்டத்திலிருந்து எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு நல்லது. அகல் பாதி காலியானதும் ஊத்திட்டா பாதித் தொல்லை தீந்தது. தூண்டுகோலால நுனியைத் தட்டிக் கரியை உதிர்க்கிறதும் தூரத்தைக் குறைக்கத்தான், வெளிய இழுத்து இழுத்து நீட்டுறதுக்கு இல்ல.

பெட்போர்டு_மேடு | 2 பிப்ரவரி, இரவு 8.20

பச்சைப் பஞ்சு, தளர்ந்த முறுக்கு, நல்லெண்ணெய் நாலுக்கு ஒண்ணு விளக்கெண்ணெய். வாசல்ல ரெண்டரை மணி நேரம் நிக்குதுங்க. பத்து அகல்ல மூணு மட்டும் ஒரு மணி நேரத்துலயே எண்ணெய் காலி. சுடர் எல்லாம் ஒரே அளவு. படியில எண்ணெய்க் கறை வேற.

கேத்தி_திரி | 3 பிப்ரவரி, காலை 7.05

அந்த மூணும் புது அகலா? சுட்ட மண்ணுலயும் பொடிப் பொடிச் சந்து, அதுவும் ஒரு திரிதான். உங்க எண்ணெய் நுனிக்கு ஏறுறதுக்குப் பதிலா அடி வழியா படிக்கு இறங்குது. ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போடுங்க, சந்துல தண்ணி உக்காந்தா எண்ணெய் புகாது. எடுத்து மேல்ஈரம் மட்டும் துடைங்க, உள் ஈரம் இருக்கட்டும். ஆனா கிண்ணத்துக்குள்ள தண்ணிச் சொட்டு நிக்கக் கூடாது, நின்னா 18ஆம் தேதி வெடிச் சத்தம் திரும்ப ஆரம்பிக்கும்.

பெட்போர்டு_மேடு | 3 பிப்ரவரி, காலை 7.30

புதுசுதாங்க. வாளியில போட்டாச்சு. வாளித் தண்ணி மேல ஐஸ் கட்டியிருக்கு.

கேத்தி_திரி | 3 பிப்ரவரி, காலை 7.32

வீட்டுக்குள்ள எடுத்து வைங்க அக்கா. சந்துல உறைஞ்சா அகல் விண்டுபோகும்.